தொட்டி காலி, திரையில் 1.2 மீட்டர்: எஸ்எம் 1234 அனலாக் வயரிங், ஸ்கேலிங் சந்தேகங்கள்

தொட்டிக்காரன் (கேள்வி)

சீமென்ஸ் எஸ்7-1200 பிஎல்சி (பம்பை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி), சிபியு 1214சி, பக்கத்தில் எஸ்எம் 1234 மாட்யூல் (நாலு அனலாக் இன்புட், ரெண்டு அனலாக் அவுட்புட்). இணைத்திருப்பது இவ்வளவுதான்:

சேனல் 0: தண்ணீருக்குள் தொங்கும் லெவல் டிரான்ஸ்மிட்டர், 0–6 மீட்டர், 4–20 மில்லி ஆம்ப், டூ வயர் (சப்ளையும் சிக்னலும் அதே ரெண்டு வயரில்).
சேனல் 1: பம்ப் டெலிவரி பிரஷர், 0–10 பார், இதுவும் டூ வயர்.
அவுட்புட் 0: பம்ப் விஎஃப்டிக்கு (மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ்) ஸ்பீடு ரெஃபரன்ஸ், 4–20 மில்லி ஆம்ப்.

நாலு தொல்லை.

ஒன்று, தொட்டி முழுக்கக் காலியாக இருந்தாலும் திரையில் 1.2 மீட்டர் நிற்கிறது. நிரம்பினால் 6.0, அது சரி. பாதியில் 3.0 வர வேண்டிய இடத்தில் 3.6. புரோகிராமில் 1.2 கழித்துப் பார்த்தால் காலியில் 0 வருகிறது, ஆனால் நிரம்பும்போது 4.8 தான்.

இரண்டு, பிரஷர் சேனலில் வரும் எண்ணுக்கும் கேஜுக்கும் சம்பந்தமே இல்லை. லூப்பில் மீட்டரைத் தொடராகப் போட்டால் 9.6 மில்லி ஆம்ப் அசையாமல் நிற்கிறது, கேஜிலும் 3.5 பார். பிஎல்சிக்குள் மட்டும் எண் எங்கெங்கோ போகிறது.

மூன்று, விஎஃப்டி ஓட ஆரம்பித்தால் லெவல் எண் முன்னும் பின்னும் 300 வரை ஆடுகிறது.

நான்கு, இதுதான் பயமாக இருக்கிறது. பிஐடி (பிரஷரைப் பார்த்து வேகத்தைத் தானே திருத்தும் கணக்கு) அவுட்புட்டோடு 20% வரை ஒரு ட்ரிம் (சிறு கூடுதல் திருத்தம்) கூட்டுகிறோம். அதிக வேகம் கேட்கும் நேரத்தில் டிரைவ் திடீரென மினிமம் ஸ்பீடுக்கு விழுந்து, கொஞ்சம் கழித்துத் தானாக ஏறுகிறது.

மாட்யூல் போய்விட்டதா? மாற்றிவிடலாமா?

24வோல்ட்

மாட்யூலைக் கழற்ற வேண்டாம். முதல் தொல்லைக்கு நீங்கள் கொடுத்த எண்களே போதும்.

சீமென்ஸில் கரண்டோ வோல்ட்டோ, ரேஞ்சின் உச்சம் 27648. சேனலை 0–20 என்று வைத்தால் 0 மில்லி ஆம்புக்கு 0, 20க்கு 27648. அந்த அமைப்பில் 4 மில்லி ஆம்ப் வந்தால் எண் 5530. அதை 0–27648 → 0–6 மீட்டர் என்று ஸ்கேல் செய்தால் 1.2 மீட்டர். உங்கள் தொட்டியின் 1.2 இதுதான். பாதியில் 12 மில்லி ஆம்ப், எண் 16589, அதாவது 3.6. உச்சியில் ரெண்டு அமைப்பும் ஒன்றாகிவிடும், அதனால்தான் 6.0 மட்டும் சரியாக வருகிறது. கீழே தப்பு, மேலே சரி என்றால் கைகாட்ட வேண்டியது எப்போதும் இந்த 0–20 / 4–20 குழப்பத்தைத்தான். 1.2 கழித்தால் சாய்வு மாறாது, கோடு மட்டும் கீழே இறங்கும், அதனால் உச்சி கெடும்.

டிஐஏ போர்ட்டலில் (சீமென்ஸின் புரோகிராமிங் மென்பொருள்) டிவைஸ் கான்ஃபிகரேஷன், எஸ்எம் 1234, சேனல் 0, கரண்ட் ரேஞ்ச் 4–20. ஹார்டுவேரை டவுன்லோடு செய்யுங்கள். புரோகிராமை மட்டும் டவுன்லோடு செய்தால் இந்த அமைப்பு போகாது, அதை மறந்துவிட்டு ஒரு மணி நேரம் தேடுகிறவர்கள் உண்டு. கழித்த 1.2-ஐயும் எடுத்துவிடுங்கள்.

பிறகு ஸ்கேலிங் இவ்வளவுதான் (முதல் பிளாக் எண்ணை 0–1 ஆக்கும், அடுத்தது அதை மீட்டராக்கும்):

நார்ம்_எக்ஸ்: மின் 0, மேக்ஸ் 27648, வேல்யூ ஐடபிள்யூ 96 (சேனல் 0-வின் எண் வந்து சேரும் முகவரி)
ஸ்கேல்_எக்ஸ்: மின் 0.0, மேக்ஸ் 6.0

ஐடபிள்யூ 96-ஐ டேக் டேபிளில் இன்ட் (மைனஸும் கொள்ளும் முழு எண்) என்று அறிவியுங்கள். வேர்டு (மைனஸ் இல்லாதது) என்று விட்டால், 4 மில்லி ஆம்புக்குக் கொஞ்சம் கீழே போகும்போது வரும் மைனஸ் எண் 65 ஆயிரத்துச் சொச்சமாகத் தெரியும்.

இன்னொன்று: பழைய எஸ்7-200 புரோகிராமிலிருந்து பிளாக்கைத் தூக்கிப் போட்டவர்கள் 6400, 32000 என்ற எண்களையும் சேர்த்தே தூக்கிப் போடுகிறார்கள். அது அந்தக் காலத்து இஎம் 231 கணக்கு. 1200-ல் அது பொருந்தாது.

ரிலே_ராஜ்யம்

பிரஷர் சேனலுக்கு ப்ளஸ், மைனஸ் டெர்மினலுக்கு நடுவே 250 ஓம் ரெசிஸ்டர் போட்டுப் பாருங்க ப்ரோ. கரண்டை வோல்ட்டா மாத்தணும்ல.

பேனல்போர்டு

மேலே சொன்ன 250 ஓமைப் போடாதீர்கள். கரண்ட் என்று அமைத்த சேனலுக்குள் அந்த ரெசிஸ்டர் ஏற்கெனவே இருக்கிறது, ஏறக்குறைய 280 ஓம். வெளியே இன்னொரு 250-ஐ இணையாகப் போட்டால் லூப் கரண்டில் பாதிக்கு மேல் அந்த வழியாகப் போய்விடும். மாட்யூல் தன் வழியே போகும் 47 சதவீதத்தை மட்டும்தான் பார்க்கும். 12 மில்லி ஆம்ப் 5.7 ஆகத் தெரியும். வெளி ரெசிஸ்டர் தேவைப்படுவது வோல்ட் மட்டும் எடுக்கும் சேனலுக்கு. அங்கே 250 ஓமில் 1–5 வோல்ட் கிடைக்கும். ±5 வோல்ட் ரேஞ்சில் 5530 முதல் 27648 வரை, அதற்கு ஏற்ற ஸ்கேலிங் வேறு.

இனி உங்கள் இரண்டாவது தொல்லை. லூப்பில் 9.6 மில்லி ஆம்ப் அசையாமல் ஓடுகிறது, 3.5 பாருக்கு அதுதான் சரியான கணக்கு (4 + 16 × 0.35). டிரான்ஸ்மிட்டரும் கேபிளும் நல்லவை. கோளாறு மாட்யூலின் வாசலில். இந்த லூப்பை இப்படி இணைத்திருக்கிறீர்களா (ஏஐ 1 என்பது சேனல் 1-ன் இன்புட்)?

24 வோல்ட் ப்ளஸ் → ஏஐ 1+ → ஏஐ 1− → டிரான்ஸ்மிட்டர் ப்ளஸ் → டிரான்ஸ்மிட்டர் மைனஸ் → 24 வோல்ட் மைனஸ்

தொடர் சுற்றுதானே, எந்த இடத்தில் மாட்யூலைச் செருகினால் என்ன என்று தோன்றும். கரண்ட் எங்கும் ஒன்றுதான், உண்மை. ஆனால் மாட்யூல் கரண்டை நேராக அளப்பதில்லை. அந்த 280 ஓமின் இரு முனைக்கும் இடையே விழும் வோல்ட்டை ஒரு ஆம்ப்ளிஃபையர் எடுத்து ஏடிசிக்கு (வோல்ட்டை எண்ணாக மாற்றும் பகுதி) கொடுக்கிறது. அந்த ஆம்ப்ளிஃபையர் தாங்கும் எல்லை, மாட்யூலின் எம் (0 வோல்ட்) புள்ளியிலிருந்து பார்த்தால் ப்ளஸ் 12 முதல் மைனஸ் 12 வோல்ட் வரை, சிக்னலையும் சேர்த்து. மேலே உள்ள இணைப்பில் 280 ஓமின் ஒரு முனை 24 வோல்ட்டிலும் மறுமுனை 21.3 வோல்ட்டிலும் நிற்கும். இடையே உள்ள 2.7 வோல்ட் சரிதான், ஆனால் இரண்டுமே எல்லைக்கு வெளியே. ஆம்ப்ளிஃபையர் முட்டிக்கொண்டு நிற்கும், ஏடிசி வாய்க்கு வந்ததைச் சொல்லும்.

மாற்ற வேண்டியது:

24 வோல்ட் ப்ளஸ் → டிரான்ஸ்மிட்டர் ப்ளஸ்
டிரான்ஸ்மிட்டர் மைனஸ் → ஏஐ 1+
ஏஐ 1− → எம்

இப்போது ஒரு முனை 0 வோல்ட்டில், மறுமுனை 20 மில்லி ஆம்பிலும் 5.6 வோல்ட்டைத் தாண்டாது.

இதே வியாதிக்கு இன்னொரு முகம் உண்டு. ஃபீல்டுக்குத் தனி எஸ்எம்பிஎஸ் (24 வோல்ட் பவர் சப்ளை) வைத்து, அதன் 0 வோல்ட்டைப் பிஎல்சியின் எம்மோடு இணைக்காமல் விடுவது. அப்போது லூப் மிதக்கும், ஒரு நாள் சரியாகக் காட்டும், மறுநாள் ஆடும். அந்த 0 வோல்ட்டையும் பிஎல்சியின் எம்மையும் 1 சதுர மில்லிமீட்டர் வயரில் இணைத்துவிடுங்கள். 0 வோல்ட்டுகளை இணைக்கலாம். ஆனால் சிபியுவின் சென்ஸர் சப்ளை எல்+-ஐயும் வெளி எஸ்எம்பிஎஸ்ஸின் ப்ளஸ்ஸையும் ஒன்றாகக் கட்டக் கூடாது. ரெண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி ஒன்று சீக்கிரம் போகும்.

ஃபோர் வயர் டிரான்ஸ்மிட்டர் என்றால் கதையே வேறு. அதற்குத் தனி சப்ளை, அதன் அவுட்புட்டே கரண்டைத் தள்ளும். ப்ளஸ்ஸை ஏஐ ப்ளஸ்ஸுக்கு, மைனஸ்ஸை ஏஐ மைனஸ்ஸுக்கு, மைனஸ்ஸை எம்முக்கும். வெளியிலிருந்து 24 வோல்ட்டை அந்த வழியில் புகுத்தக் கூடாது. வயர் எண்ணிக்கையை வைத்து முடிவு செய்யாமல், அவுட்புட் ஆக்டிவா (தானே கரண்டைத் தள்ளுவது) பாசிவா (வெளி சப்ளை வேண்டியது) என்று டேட்டா ஷீட்டில் பாருங்கள். த்ரீ வயரும் உண்டு, அது ஆக்டிவ் வகைதான்.

அமைப்பில் ஒரு சிறு விஷயம்: இந்த மாட்யூலில் சேனல் 0, 1 ரெண்டும் ஒரே வகை, 2, 3 ஒரே வகை. 0-வில் கரண்ட் வைத்துவிட்டு 1-ல் வோல்ட் வைக்க முடியாது. நாளைக்கு ஒரு வோல்ட் சிக்னல் வந்தால் 2-க்கோ 3-க்கோ கொண்டுபோங்கள். பயன்படுத்தாத சேனல் வோல்ட் வகையில் இருந்தால் ப்ளஸ்ஸையும் மைனஸ்ஸையும் ஷார்ட் செய்துவிடுங்கள். கரண்ட் வகை என்றால் 0–20 வைத்து விடுங்கள், இல்லாவிட்டால் வயர் பிரேக் என்று சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

24வோல்ட்

@பேனல்போர்டு சொன்னதோடு ஒரு எச்சரிக்கை. 4–20 என்று வைத்த பிறகு கரண்ட் 1.185 மில்லி ஆம்புக்குக் கீழே போனால் மாட்யூல் கொடுக்கும் எண் 32767. 22.81 மில்லி ஆம்புக்கு மேலே போய் ஓவர்ஃப்ளோ ஆனாலும் 32767 தான். அதாவது வயர் அறுந்தால் எண் *மேலே* போகும். பூஜ்யம் வரும் என்று நம்பி எழுதின புரோகிராம் இங்கே காலை வாரும். உங்கள் ஸ்கேலிங்கில் 32767 என்பது 7.11 மீட்டர். நிரப்பும் பம்ப் "தொட்டி நிறைந்துவிட்டது" என்று நினைத்து நின்றுவிடும், ஊருக்குத் தண்ணீர் வராது. இறைக்கும் பம்ப் என்றால் காலித் தொட்டியில் உலர்ந்து ஓடும்.

அதனால் ஸ்கேல் செய்யும் முன்பே ராவ் எண்ணை (மாட்யூல் கொடுத்த அசல் எண்) சோதியுங்கள். 32767 என்றால் தவறு பிட்டை ஆன் செய்து, பம்புக்கு என்ன செய்ய வேண்டும் என்று தனியாக முடிவெடுங்கள். இன்னும் கறாராக வேண்டுமென்றால் நாமூர் என்இ 43 (டிரான்ஸ்மிட்டர் கோளாறைக் கரண்டில் காட்டுவதற்கான தொழில்துறைப் பரிந்துரை) கணக்கை வையுங்கள்: 3.8 முதல் 20.5 வரை அளவு, 3.6-க்குக் கீழோ 21-க்கு மேலோ போனால் டிரான்ஸ்மிட்டரே "எனக்கு உடம்பு சரியில்லை" என்று சொல்கிறது. எண்ணில் 3.6 என்பது −691, 21 என்பது 29376. நிறைய டிரான்ஸ்மிட்டர்களில் உள்கோளாறு வந்தால் மேலே போகவா கீழே போகவா என்று தேர்வு செய்யலாம். தொட்டிக்கு எது பாதுகாப்போ அந்தப் பக்கம் வையுங்கள்.

கேபிள்கிளாண்டு

மூன்றாவது தொல்லைக்கு வருகிறேன். 300 எண் என்றால் 6.5 சென்டிமீட்டர். முதலில் அது மின்சாரத்தின் ஆட்டமா தண்ணீரின் ஆட்டமா என்று பிரித்துப் பாருங்கள். பம்ப் ஓடும்போது இன்லெட் குழாய் சென்ஸருக்கு நேர் மேலே கொட்டினால் தண்ணீரே அவ்வளவு ஆடும். அதற்கு ஷீல்டு போட்டுப் பயனில்லை, சென்ஸரை ஒரு பிவிசி குழாய்க்குள் இறக்க வேண்டும்.

பிரித்துப் பார்க்க வழி: பேனலில் சேனல் 0-விலிருந்து ஃபீல்டு வயரைக் கழற்றிவிட்டு, 24 வோல்ட் ப்ளஸ்ஸிலிருந்து 2.2 கிலோ ஓம், அரை வாட் ரெசிஸ்டர் வழியாக ஏஐ 0+க்குக் கொடுங்கள், ஏஐ 0− எம்மில். 24 ÷ 2480, ஏறக்குறைய 9.7 மில்லி ஆம்ப், எண் 9800-க்குப் பக்கத்தில் வரும். இப்போது விஎஃப்டியை ஓட்டுங்கள். எண் அசையாமல் நின்றால் மாட்யூலும் சப்ளையும் சுத்தம். அடுத்து அதே ரெசிஸ்டரைத் தொட்டிப் பக்கத்து ஜங்ஷன் பாக்ஸில், சென்ஸருக்குப் பதிலாகப் போடுங்கள். அங்கே ஆடினால் கேபிளில் ஏறுகிறது. அங்கேயும் ஆடவில்லை என்றால் தண்ணீர்தான்.

கேபிள் என்று தெரிந்தால்: ஷீல்டு போட்ட ட்விஸ்டட் பேர், மோட்டார் கேபிளோடு ஒரே ட்ரேயில் போகக் கூடாது, குறைந்தது 30 சென்டிமீட்டர் தள்ளி. குறுக்கே கடக்க வேண்டும் என்றால் செங்குத்தாகக் கடக்கட்டும். சிக்னல் ஷீல்டைப் பேனல் பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள், ஃபீல்டு பக்கம் வெட்டி ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள். ரெண்டு பக்கமும் கட்டினால் தொட்டி எர்த்துக்கும் பேனல் எர்த்துக்கும் இடையே உள்ள வித்தியாசம் ஷீல்டு வழியாக ஓட ஆரம்பிக்கும். ஷீல்டை முறுக்கி நீள வாலாக இழுத்து எர்த் பாருக்குக் கொண்டுபோகாமல், கேபிள் உள்ளே வரும் இடத்திலேயே கிளாம்ப்பில் முழுச் சுற்றும் படும்படி பிடியுங்கள். மோட்டார் கேபிளுக்கு நேர்மாறு: ஷீல்டு போட்ட கேபிள், டிரைவ் பக்கமும் மோட்டார் பக்கமும் எர்த். மின் இரைச்சல் பிறக்கும் இடத்தை அடைத்தால் மற்ற கேபிள்கள் பாதி பிழைக்கும்.

மாட்யூலில் ஃபில்டர் 50 ஹெர்ட்ஸில் இருக்கட்டும். 20 மில்லி செகண்ட் முழுக்கச் சேர்த்துச் சராசரி எடுப்பதால் மெயின்ஸ் அலையின் மேல் பாதியும் கீழ்ப் பாதியும் ஒன்றையொன்று அழித்துவிடும். 60 என்று கிடந்தால் முழுசாக அழியாது. ஸ்மூத்திங்கை ஸ்ட்ராங் என்று வைத்தால் 32 அளவுகளின் சராசரி, சிக்னல் திடீரென மாறினால் எண் அதை எட்ட அரை விநாடி அளவு ஆகும். தொட்டி லெவலுக்கு அது ஒன்றுமே இல்லை, தாராளமாக வையுங்கள். பிரஷர் பிஐடிக்கு வைக்காதீர்கள், லூப் ஊசலாடும். ஒன்று மட்டும்: காமன் மோட் (இன்புட்டின் ரெண்டு முனையும் எம்மிலிருந்து சேர்ந்து விலகி நிற்கும் வோல்ட்) 12 வோல்ட்டைத் தாண்டினால் எந்த ஃபில்டரும் காப்பாற்றாது. முட்டிக்கொண்ட ஆம்ப்ளிஃபையரின் சராசரியும் தப்புத்தான். பேனல்போர்டு சொன்ன எம் இணைப்பை முதலில் முடித்துவிட்டு ஷீல்டுக்கு வாருங்கள்.

பேனல்போர்டு

நான்காவதை யாரும் தொடவில்லை. அது வயரிங் இல்லை, கணக்கு.

அவுட்புட்டில் 27648 என்றால் 20 மில்லி ஆம்ப், 0 என்றால் 4. 27648-ஐத் தாண்டினாலும் 32511 வரை ஓவர் ரேஞ்ச் என்று கொடுத்துக்கொண்டே போகும், 22.81 மில்லி ஆம்ப் வரை. 32512-ஐத் தொட்டால் ஓவர்ஃப்ளோ. அப்போது இந்த மாட்யூல் உச்சத்திலேயே நிற்காது. சிபியு ஸ்டாப்புக்குப் போனால் என்ன கொடுக்க வேண்டும் என்று போர்ட்டலில் வைத்தீர்களே ஒரு மாற்று மதிப்பு, அதற்குத் தாவிவிடும். 32511 ÷ 27648 = 117.6 சதவீதம். உங்கள் பிஐடி 98-ல் இருக்கும்போது 20 ட்ரிம் சேர்ந்தால் 118. டிரைவ் விழுகிறது, பிரஷர் குறைகிறது, ட்ரிம் மாறுகிறது, திரும்ப எல்லைக்குள் வருகிறது, ஏறுகிறது. நீங்கள் பார்ப்பது இதுதான்.

மருந்து ஒரே ஒரு வரி. கூட்டிய பிறகு, ஸ்கேலுக்கு முன், லிமிட் பிளாக்: மின் 0.0, மேக்ஸ் 100.0. பிறகுதான் நார்ம்_எக்ஸ், ஸ்கேல்_எக்ஸ், க்யூடபிள்யூ 96 (அவுட்புட் 0-வின் முகவரி).

அவுட்புட் வயரிங்கில் மறக்கக் கூடாதது: இது ஆக்டிவ், கரண்டை இதுவே தள்ளும். டிரைவ் பக்கம் 24 வோல்ட் கொடுக்க வேண்டாம். எதிரில் இருக்கும் சுமை 600 ஓமுக்குள் இருக்க வேண்டும், அதாவது 20 மில்லி ஆம்பில் 12 வோல்ட். டிரைவ் ஒன்றுக்குப் பிரச்சினையே வராது. டூ வயர் வால்வு பொசிஷனர் மட்டும் தனியே 8, 9 வோல்ட் தின்னும். ஸ்பிளிட் ரேஞ்ச் (ஒரே சிக்னலை ரெண்டு வால்வு பங்கிடுவது) என்று ரெண்டு பொசிஷனரைத் தொடரில் போட்டால் 12 வோல்ட் போதாது, ரெண்டாவது வால்வு பாதியில் நிற்கும். ரெண்டு சேனல் எடுத்துவிடுவது மேல். டிரைவில் அந்த இன்புட்டின் ஸ்விட்ச் கரண்ட் பக்கமும், பாராமீட்டர் 4–20-லும் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஸ்விட்ச் ஒன்று, பாராமீட்டர் ஒன்று என்று மாறிக் கிடப்பது அடிக்கடி நடப்பது.

மிட்சு_மணி

மிட்சுபிஷியின் எஃப்எக்ஸ்3யூ-4ஏடி மாட்யூல் வைத்திருக்கிறவர்கள் இந்த 27648-ஐத் தேட வேண்டாம். அங்கே 4–20-க்கு 0 முதல் 16000. ராக்வெல் 1769-ஐஎஃப்4-ல் எஞ்சினியரிங் யூனிட்ஸ் வைத்தால் 4000 முதல் 20000, அதாவது எண்ணே மைக்ரோ ஆம்ப். படிக்க அதுதான் சுகம் என்பது என் கட்சி. காமன் மோட் பேச்சு எல்லா மாட்யூலுக்கும் உண்டு, எல்லை வோல்ட் மட்டும் மாறும்.

தொட்டிக்காரன்

பார்த்தேன். சேனல் 0, 0–20-ல் கிடந்தது. பிரஷர் லூப்பில் மாட்யூல் 24 வோல்ட் பக்கம்தான் இருந்தது. கீழே மாற்றியதும் 9.6 மில்லி ஆம்புக்கு 9677, திரையில் 3.5 பார். ஃபீல்டு எஸ்எம்பிஎஸ்ஸின் 0 வோல்ட்டும் எம்மில் இல்லை, இணைத்தேன். இணைத்ததுமே லெவல் ஆட்டம் 300-லிருந்து 40-க்கு வந்தது, ஸ்ட்ராங் ஸ்மூத்திங் வைத்ததும் 10-க்குள். லிமிட் போட்டேன், டிரைவ் விழுவது நின்றது.

இப்போது ஒன்றே ஒன்று. தொட்டி காலியில் எண் 0 வருவதில்லை, −40 வருகிறது. தண்ணீர் சென்ஸர் முனையைத் தொட்ட பிறகுதான் ஏற ஆரம்பிக்கிறது.

கேபிள்கிளாண்டு

−40 என்றால் 3.977 மில்லி ஆம்ப், உங்கள் ரேஞ்சில் 9 மில்லிமீட்டர் கூட இல்லை. சென்ஸரின் ஜீரோ ஆஃப்செட். ஸ்கேல் செய்த பிறகு 0-க்குக் கீழே போனால் 0 என்று காட்டினால் போதும். ஆனால் தவறு பிட்டுக்கு ராவ் எண்ணையே பாருங்கள், வெட்டிய எண்ணைப் பார்க்காதீர்கள்.

சென்ஸர் தரையில் படாமல் எத்தனை சென்டிமீட்டர் மேலே தொங்குகிறது என்று அளந்து, அதைக் கூட்டிக்கொள்ளுங்கள். 10 சென்டிமீட்டர் என்றால் ஸ்கேல்_எக்ஸ் 0.1 முதல் 6.1. சேறு படியும் தொட்டியில் தரையில் கிடத்தக் கூடாது.

அந்தக் கேபிளுக்குள் காற்றுக் குழல் ஒன்று இருக்கும், வெளிக்காற்றின் அழுத்தத்தைச் சென்ஸருக்குக் கொண்டுபோவது. ஜங்ஷன் பாக்ஸில் அதை மடக்கியோ டேப் சுற்றியோ அடைத்துவிட்டால் காற்றழுத்தம் 10 மில்லிபார் மாறும்போதெல்லாம் லெவல் 10 சென்டிமீட்டர் நகரும். அந்த பாக்ஸுக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்று போட்டு, மழைத் தண்ணீர் புகாமல், காற்று மட்டும் போய்வரும்படி மூடுங்கள்.